நாச்சிமுத்து என்னும் எடைக்கல்

மாவட்ட இசைவு அலுவலர் குழந்தைவேலு ஐம்பது வருடங்களுக்குப் பிறகு ஓர் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"மெதுவா ஆட்டுங்க மேடம். பொறுப்புல இருக்கறவன்."

"ஊஞ்சலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார். காலை மேல தூக்கிக்கோங்க," என்றாள் கோகிலவாணி.

வெள்ளக்கரடு மாவட்டச் சிகிச்சை மையத்தில் அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஊரில் 'தெரபி மேடம்' என்றால் போதும். சட்டைப் பொத்தானோடு போராடும் விரல்கள், டியூப்லைட்டின் ரீங்காரத்தில் நொறுங்கிப்போகும் காதுகள், கூட்டத்தில் நின்றால் முள்ளாய்க் குத்தும் தோல் என்று பிறந்தவர்கள், தங்கள் அன்றாடத்தைத் தாங்களே நடத்திக்கொள்ள வழி செய்து கொடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடங்களாக அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகள், கொஞ்சம் பெரியவர்கள். இந்த வருடம்தான் அரசு அதிகாரிகள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

குழந்தைவேலுவின் மடியில் இருந்த அறிக்கையில், ஆள் எத்தனை இயல்பானவர் என்று சொல்லும் இசைவெண், நூற்றுக்கு முப்பத்துநான்கு என்று அச்சாகியிருந்தது. கீழே காரணங்கள். கேட்பவர் கேட்பதை நிறுத்திய பிறகும் சராசரியாகப் பதினோரு நிமிடம் பேசுகிறார். எதிரில் இருப்பவரின் கண்ணை அவர் கூசும்வரை பார்க்கிறார். கேட்காமல் தோளில் கை போடுகிறார். மௌனத்தை நான்கு நொடிக்கு மேல் தாங்க இயலவில்லை. பரிந்துரை: ஊஞ்சலுடன் பன்னிரண்டு அமர்வுகள்.

"ஏனுங்க மேடம், தெரியாமத்தான் கேக்கறேன். இந்தப் பட்டை இதையெல்லாம் எப்படிங்க கண்டுபுடிக்குது?" மணிக்கட்டில் கட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க துறை கொடுத்ததுதானுங்களே சார்."

"கொடுத்தது நாங்கதானுங்க. படிச்சுப் பாக்கோணும்னு உத்தரவுல இல்லையே."

ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் கோகிலவாணிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடியே ஆரம்பித்தாள்.

"உள்ளங்கை வேர்க்கறதை நீங்களா நிறுத்த முடியுமுங்களா? முடியாது. பயந்தா வேர்த்துரும். ரெண்டு இதயத் துடிப்புக்கு நடுவுல இருக்கற இடைவெளியும் அப்படித்தான். நிம்மதியா இருக்கறப்ப அது கொஞ்சம் கூடிக் கொறையும். பதட்டமானா கடிகாரமாட்டம் ஒரே சீராயிரும். பட்டை இது ரெண்டையும் பாக்குது. சுத்தி எத்தனை சத்தம், எத்தனை வெளிச்சம், ஆளு எத்தனை பக்கத்துல நிக்குது, கண்ணு எங்க போகுதுன்னு அதையும் சேத்து எழுதிக்குது. ஆனா தராசு எத்தனை நல்லா இருந்தாலும் இன்னொரு தட்டுல எடைக்கல்லு வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் முதல்ல இயல்பான ஆளுங்க நாப்பது பேரு இருபத்தொரு நாள் கட்டிக்கிட்டு நடமாடுனாங்க. அவங்க உடம்பு இருந்த இருப்புதான் கல்லு. நம்ம எல்லாரையும் அதுக்கு எதிரா வெச்சுத்தான் நிறுக்குது."

"அந்த நாப்பது பேரு..."

"நம்ம மாவட்டத்துலதானுங்க எடுத்தாங்க. நீங்களும் ஒருத்தர்."

குழந்தைவேலு மௌனமானார். நான்கு நொடி தாண்டியது, பத்து தாண்டியது. சிகிச்சை பலிக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கலாம்.

"நீங்களும் ஒருத்தருங்களே மேடம்," என்றார் கடைசியில்.

கோகிலவாணி ஊஞ்சலைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினாள்.

அந்த எடைக்கல்லால் மாநிலம் முழுவதையும் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இயல்பான மனிதனின் துடிப்பு ரீங்காரமிடும் டியூப்லைட்டின் கீழே கெட்டுப்போகிறது என்று கல் சொன்னதால் அலுவலகங்களில் டியூப்லைட்டுகளைக் கழற்றினார்கள். பதினோரு மணிக்கு முடியும் என்று போட்ட கூட்டம் பதினோரு மணிக்கு முடிந்தது. கல்யாண மண்டபங்களில் பந்திக்குப் பக்கத்தில் சத்தமில்லாத அறை ஒன்று கட்டாயமானது. முதல் முகூர்த்தத்திலேயே மாப்பிள்ளை உட்பட எழுபது பேர் அதற்குள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய புரட்சி "நாளைக்கு வாங்க" என்ற வாக்கியத்தில் நடந்தது. இயல்பான மனிதனிடம் நாளைக்கு வரச் சொன்னால் அவன் நாளைக்கு வருகிறான். வந்தும் வேலை ஆகாவிட்டால் துடிப்பு கடிகாரமாகிவிடுகிறது. ஆகவே நாளைக்கு வரச் சொல்லிவிட்டு மறுநாள் காரியத்தை முடிக்காத அலுவலர்களின் பட்டை பீப் பீப் என்று அடித்தது. வாரிசுச் சான்றிதழ் இரண்டே நாளில் கைக்கு வந்த அதிர்ச்சியில் ஒருவர், இது போலியாகத்தான் இருக்கும் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

எட்டு வயது மிதுனா இப்போது சாதாரணப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்தாள். முன்பு நான்கு பள்ளிகள் அவளைச் சேர்க்க மறுத்திருந்தன. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிற பிள்ளை. அவளுடைய இசைவெண் தொண்ணூற்றொன்று. அவளுடைய டீச்சருக்கு அறுபத்திரண்டு. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வது எப்படி என்று கற்றுக்கொள்ள டீச்சர் சனிக்கிழமைதோறும் மையத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

ஆனால் எல்லோருக்கும் விடியவில்லை. அறுபதுக்குக் கீழே எண் வந்தால் பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் வைக்கக் கூடாது, ஊழியரைப் பொதுமக்கள் நடுவே விடக் கூடாது என்பது விதி. மேல்நிலை அலுவலர்களுக்கு மட்டும் நீக்கத்துக்குப் பதில் சிகிச்சை. ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர் பொன்னுரங்கம் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ராகம் போட்டுக் கூவுவார். ஏறுகிற ஆளையெல்லாம் மாமா, மச்சான், அத்தை என்று உறவு கொண்டாடுவார். அவருக்குப் பத்தொன்பது வந்தது. டிப்போவில் தனி அறையில் உட்காரவைத்து டிக்கெட் சுருள்களை எண்ணச் சொல்லியிருந்தார்கள். வாரம் ஒருமுறை மையத்துக்கு அமைதிப் பயிற்சிக்கு வருவார். "யாருகிட்டயாச்சும் பேசோணும் அம்மணி. நாக்கு உள்ளயே செத்துப்போயிரும்போல," என்பார். அவர் போனபின் கோகிலவாணி வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் இருப்பாள்.

மையத்தின் ஊஞ்சல்கள், உருளைகள், எடைபோட்ட போர்வைகள் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பவர் நாச்சிமுத்து. வயது நாற்பத்துநான்கு. இருக்கிற ஏழு சட்டையும் ஒரே நீலம். பன்னிரண்டு நாற்பதுக்குத் தயிர்சாதம். பேசும்போது உங்கள் இடது காதைப் பார்ப்பார். குழந்தைகள் அவரிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் உன் பெயர் என்ன, என்ன படிக்கிறாய் என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. ஊழியர்கள் எல்லோருக்கும் பட்டை கட்டியபோது மாநிலத்திலேயே நூற்றுக்கு நூறு வாங்கியவர் அவர் ஒருவர்தான். பழுதுபார்க்கிறவரின் அறிக்கையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால் அது வெளியே தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கோகிலவாணியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஒரு தப்பு இருக்குதுங்க."

"எந்த ஊஞ்சலுங்கண்ணா?"

"ஊஞ்சல் இல்லீங்க. எடைக்கல்லு." கையிலிருந்த திரையை நீட்டினார். முதல் நாற்பது பட்டைகளும் அவற்றின் பதிவும் இருக்கும் மூலப் பெட்டியின் வருடாந்திரச் சோதனையை அன்றுதான் முதன்முறையாக அவரிடம் விட்டிருந்தார்கள். "நாப்பது பேரோட கோடு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தனுங்க. நாப்பதும் ஒரே கோடாத் தெரியுது. ஆறாம் நாள் பதினொண்ணே காலுக்கு நாப்பது பேருக்கும் சேந்தாப்புல தும்மல் வந்திருக்குது. பன்னெண்டு நாப்பதுக்கு நாப்பது பேரும் சாப்புட்டிருக்கறாங்க."

கோகிலவாணி திரையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அது நானுங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து அவள் காதைப் பார்த்தபடி. "நாப்பதும் நானு."

அவளுக்குத் தெரியும். தெரியாதது போல ஒரு வருடம் ஓட்டியிருந்தாள். பட்டைகள் மையத்துக்கு வந்த திங்கட்கிழமை, இயல்பானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட நாற்பது பேரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டு முடித்ததும் நாற்பது பேருக்கும் ஒரே யோசனை வந்தது. இது நம்மைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால்? முதல் ஆளாகக் குழந்தைவேலு தன் பட்டையை நாச்சிமுத்துவின் மேசையில் வைத்தார். செத்த நேரம் இருக்கட்டும் என்றார். அடுத்தவருக்குத் தோலில் அரிப்பு. இன்னொருவருக்கு வீட்டில் விசேஷம். முப்பத்தெட்டாவதாக வைத்தவள் கோகிலவாணி. "உடம்புச் சூட்டுல இருந்தாத்தான் ஓடுமாங்கண்ணா. நின்னுபோகாம பாத்துக்கோங்க," என்று அவள் சொன்னது அவளுக்கே இன்னும் காதில் கேட்டது. பன்னிரண்டு வருடங்களாக அடுத்தவர் உடம்பைப் படித்தவள், தன் உடம்பைப் படிக்கக் கொடுக்கப் பயந்தாள். சிகிச்சை தருபவர்களுக்கு விலக்கு என்று பிற்பாடு உத்தரவு வந்தபோது நிம்மதியாகத் தூங்கினாள்.

நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நாச்சிமுத்து நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வார். வலது கையில் இருபது, இடது கையில் இருபது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை கட்டிக்கொண்டு இருபத்தொரு நாள் இருந்தார். அது எதற்கான பட்டை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"கை இறுக்கமா இருந்திருக்குமே," என்றாள் மெல்ல.

"நல்லா இருந்துதுங்க. என்ற வாழ்க்கையிலேயே அத்தனை நிம்மதியா இருந்ததில்லீங்க. கழட்டறப்பத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு."

ஒரு நொடியில் கோகிலவாணிக்கு எல்லாம் பொருந்தியது. அவளே தினமும் குழந்தைகளுக்குச் செய்வதுதானே! சில உடம்புகளுக்குத் தோலின் மேல் ஆழமான அழுத்தம் கிடைத்தால் உலகத்தின் சத்தம் குறைந்துபோகும். எடைபோட்ட போர்வை அதற்குத்தான். நீலச் சட்டையும் பன்னிரண்டு நாற்பதும் இடது காதும் இத்தனை வருடம் அவள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தன. மையத்துக்குள் நடமாடிய ஒருவரை மட்டும் அவள் பார்க்கவே இல்லை. மிதுனாவை எந்த உலகம் வெளியே தள்ளியதோ, அந்த உலகத்துக்கு மிதுனாவைப் போன்ற ஒருவர் எடைக்கல்லாக இருந்துவிட்டார்.

"இதை யாருகிட்டயும் சொல்ல வேண்டாங்கண்ணா."

"தப்பா எழுதியிருக்குதுங்களே."

"திருத்துனா புதுக் கல்லு வரும். அதுல நிறுத்தா உங்களுக்கு முப்பது வரலாம். அறுபதுக்குக் கீழ வந்தா இங்க வேலை பாக்க விட மாட்டாங்க. மிதுனாவை ஸ்கூலை விட்டு எடுத்துருவாங்க."

நாச்சிமுத்து அவள் காதிலிருந்து பார்வையை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். விரல்களால் சட்டை விளிம்பை மடித்து மடித்துப் பிரித்தார். "மிதுனாவையுமுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"நாப்பதுன்னு எழுதியிருக்குதுங்க மேடம். ஆனா ஒண்ணுதானுங்க," என்றார். "ரெண்டும் மண்டைக்குள்ள ஒண்ணாக் கெடந்து அடிச்சுக்குது. என்னால முடியலீங்க."

அன்று பன்னிரண்டு நாற்பது வந்தது, போனது. தயிர்சாத டப்பா திறக்காமலே இருந்தது. இரண்டரை மணிக்குக் கோகிலவாணி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் வர்றேன். நாளைக்குப் போயி சொல்லீரலாம்," என்றாள்.

மறுநாள் குழந்தைவேலு அறையில் விசிறியின் சத்தம்கூட இல்லை. பன்னிரண்டு அமர்வுகளையும் முடித்து அவர் எழுபத்தொன்றுக்கு வந்திருந்தார். முதல் மாவட்டம் என்று கொடுத்த கேடயம் பின்னால் மின்னியது. நாச்சிமுத்து சொல்லி முடித்ததும் அவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்.

"பாக்கலாமுங்க. நாளைக்கு வாங்க."

நாளையைக் குறித்துக்கொண்டதுபோலப் பட்டை பீப் என்றது.

அடுத்த நாள் பத்து மணிக்கு நாச்சிமுத்துவும் கோகிலவாணியும் வாசலில் நின்றார்கள். குழந்தைவேலு அவரையும் கோகிலவாணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அன்னைக்குப் பட்டையை வெச்சுட்டுப் போனது, என்ன நம்பர் வருமோன்னு பயமுங்க மேடம். வேற ஒண்ணுமில்ல. எங்க அப்பாரு என்னைச் சின்னதுலயே அரைலூசும்பாரு. மெசினும் அதையே சொல்லீட்டா?"

"எனக்கும் பயந்தானுங்க சார்."

"நீ மட்டும் ஏப்பா பயப்படலை?"

"என்ற கிட்ட என்னன்னு சொல்லலீங்களே," என்றார் நாச்சிமுத்து.

குழந்தைவேலு கோப்பை எழுதி மேலே அனுப்பினார். எழுதும்போது இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். ஆனால் பட்டை ஒரு சத்தமும் போடவில்லை.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இம்முறை புதிய பட்டைகளை வேறு நாற்பது பேர் நிஜமாகவே கட்டிக்கொண்டார்கள். வேறு கை எதுவும் தொடாதபடி பட்டைக்கு முத்திரை வைத்தார்கள். இருபத்தொரு நாள் கோகிலவாணி மிதுனாவின் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துத் திரிந்தாள். இருபத்திரண்டாம் நாள் பொறியாளர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கல்லே உருவாகலை சார். நாப்பது பேரும் நாப்பது மாதிரி இருக்காங்க. ஒருத்தருக்கு சத்தம் ஆகலை, இன்னொருத்தருக்கு சத்தம் இல்லைன்னா தூக்கம் வரலை. ஒரு அம்மாவுக்குக் கூட்டத்துலதான் துடிப்பே நிம்மதியாகுது. சராசரி எடுத்தா ஒரு ஆள் வர்றாரு. அந்த மாதிரி ஆள் இந்த நாப்பதுல ஒருத்தர்கூட இல்ல."

"அப்ப போன தடவை எப்படிங்க வந்துச்சு?" என்றார் குழந்தைவேலு.

"அதான் சார்! அவ்வளவு அழகா வந்துச்சு. மனித இயல்பு வியக்கத்தக்க வகையில் ஒன்றுபோல இருக்கிறதுன்னு எங்க கம்பெனியில ஒரு புத்தகமே போட்டுட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "மேல கேட்டுட்டேன். பழைய கல்லே இருக்கட்டும்னுட்டாங்க. நாப்பதுன்னு இருக்கறதை ஒண்ணுன்னு திருத்திக்கலாம். ஆனா அந்த ஒருத்தரோட ஒப்புதல் கையெழுத்து வேணும். சட்டப்படி அவர் உடம்பு அது."

ஒப்புதல் படிவம் பதினாறு பக்கம். அதைக் கடைசிவரை வாசித்த முதல் மனிதர் நாச்சிமுத்துவாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. குழந்தைவேலு மூன்று டீ குடித்தார். நடுவில் பேசவில்லை.

"ஒன்பதாம் பக்கம் தப்புங்க," என்றார் நாச்சிமுத்து. "அறுபதுக்குக் கீழ வந்தா வெளிய அனுப்பலாம்னு போட்டிருக்குது."

"அது விதிப்பா."

"எடைக்கல்லு எடை போடத்தானுங்க. கடையை விட்டு ஆளைத் துரத்தறதுக்கு இல்லீங்க. எனக்கு டியூப்லைட் ஆகாதுன்னா லைட்டைக் கழட்டுங்க. கண்டக்டர் பொன்னுரங்கத்துக்குப் பேச்சு வேணும்னா பஸ்ஸு குடுங்க. இந்த வரியை எடுத்தீங்கன்னா கையெழுத்துப் போடறனுங்க."

"எடுக்கலைன்னா?"

"போட மாட்டனுங்க."

பொறியாளர் சென்னைக்குப் போன் போட்டார். கல் இல்லாமல் மாநிலத்தில் இருக்கும் அத்தனை பட்டைகளும் வெறும் ரப்பர். புத்தகம் வேறு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அரைமணி நேரத்தில் அந்த வரி போனது.

அந்த வாரம் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயர்கள் மறுபடி ராகத்தோடு கேட்டன. கூவல் ஆகாதவர்களுக்காக முன்பாதியில் மட்டும் பொன்னுரங்கம் விரலால் சைகை காட்டினார். அதையும் ரசித்தே செய்தார். மிதுனா பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள்.

ஒரு வேலை பாக்கியிருந்தது. திருத்திய கல்லுக்கு எதிராக முதலில் கல்லின் சொந்தக்காரரையே நிறுத்துப் பதிவு செய்ய வேண்டும். வெறும் சடங்கு. நூறு வரும், கோப்பில் சேர்க்கலாம் என்று பொறியாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எண்பத்தெட்டு வந்தது.

நாச்சிமுத்து அறிக்கையோடு கோகிலவாணியின் அறைக்கு வந்தார். "பன்னெண்டு குறையுதுங்க மேடம்."

அவள் வாங்கிப் படித்தாள். உணவு நேரம் தவறியிருக்கிறது. தூக்கம் குறைந்திருக்கிறது. கடைசி வரி: மற்றொருவரைக் குறித்த கவலை, இயல்பான அளவுக்கு மேல்.

"மிதுனாவை நெனச்சுத்தானுங்களேண்ணா?"

"ஆமாங்க. பொன்னுரங்கத்தையும் கொஞ்சம்." அவர் யோசித்தார். "அந்த இருபத்தொரு நாள்ல ஏன் இது வரலைன்னு பாத்தனுங்க. அப்பவும் நானு நான்தானுங்களே. பட்டையைக் குடுக்கறதுக்கும் வாங்கறதுக்கும் வந்தாங்க. வேற ஒருத்தரும் என்ற கிட்டப் பேசலீங்க. பேசாத ஆளுகளைப் பத்தி எப்படிங்க கவலைப்படறது?"

கோகிலவாணி மறுபடி தாளைப் பார்த்தாள். அறிக்கையின் அடியில் பரிந்துரை இருந்தது: ஆழமான அழுத்தம், ஆறு அமர்வுகள்.

"எடைப் போர்வை கொண்டுவரட்டுங்களாண்ணா?"

"அந்தப் பட்டைகளே கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். முதன்முறையாக ஒன்றை வேண்டும் என்று கேட்கிறவரின் கூச்சம் அதில் இருந்தது. "பெட்டியிலதான் கெடக்குது."

பெட்டியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, இறுக்கம் சரியா என்று கேட்டுக் கேட்டு, மணிக்கட்டிலிருந்து தோள்வரை கட்டினாள். கட்டும்போது பொன்னுரங்கம் பஸ்ஸில் அடித்த கூத்தைச் சொன்னாள். மிதுனா மணி அடிப்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறாளாம், மேசைக்கு அடியில் போவதில்லையாம் என்றாள். நாச்சிமுத்துவின் தோள்கள் மெல்ல இறங்கின. முப்பத்தொன்பது ஆனதும் பெட்டியில் ஒன்று மிஞ்சியது. அதன் உட்புறம் ஒட்டிய சீட்டில் அவள் பெயரே இருந்தது. அதை மட்டும் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள்.

அதைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்தது. முதல் கணக்கெடுப்புக்குக் கால்மணி நேரம் ஆகும். மேலே விளக்கு ரீங்காரமிடவில்லை.

பீப் என்றது. கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னங்கண்ணா வந்திருக்குது?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார்.

"நாப்பத்தொண்ணுங்க மேடம்," என்றார். பிறகு, அவள் கேட்காமலேயே, ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற குரலில்: "ஊஞ்சல் காலியாத்தானுங்க இருக்குது. சங்கிலிக்குக் காத்தாலதான் எண்ணெய் போட்டேன்."